நிற்காத சக்கரமும் இரண்டு குடம் மோரும்

1

இந்த ஐப்பசியோடு நான் வெளிநாடு வந்து நாற்பத்தாறு வருஷம். வெளிநாடு என்றதும் துபாயா, சிங்கப்பூரா என்று கழுத்தை நீட்ட வேண்டாம். திருவனந்தபுரம். வள்ளியூரில் காலைப் பலகாரம் தின்றுவிட்டு பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு இங்கே வந்துவிடலாம். பாஸ்போர்ட் கிடையாது, விசா கிடையாது. ஆனால் ஒரு தாளில் பேச்சி, இன்னொரு தாளில் பேச்சியம்மை, மூன்றாவதில் வெறும் பேச்சு என்று என் பெயர் ஊர் சுற்றியதில், ரேஷன் கார்டு கைக்கு வரப் பதினொரு வருஷம் ஆனது. துபாய்க்காரன் எவனாவது அத்தனை வருஷம் வரிசையில் நின்றிருந்தால் சொல்லுங்கள், அவனைப் பெரிய வெளிநாட்டுக்காரன் என்று ஒப்புக்கொள்கிறேன்.

மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. அதனால் நான் எழுதி அனுப்புவதை நம் ஊர் நூலகத்துத் தம்பி திருத்தித்தான் மாதத்தாளில் போடுகிறார். எங்கேயாவது அழகாக இருந்தால் அது அவர். சிரிப்பு வந்தால் அது நான்.

இந்தத் தடவை என் பேத்தி இசக்கியின் சக்கரத்தைப் பற்றி. அது மெயின் லைனில் ஓடலாமா, இல்லை கழற்றிப் பழைய இரும்போடு போடலாமா என்று ஒரு வியாழக்கிழமை மூன்று ஆபீஸர்கள் வந்து பார்த்தார்கள். நானும் அவர்களோடு வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். உட்கார்ந்திருக்கக் கூடாதுதான். ஒரு சொல்லைத் தப்பாகக் காதில் வாங்கியதால் உட்கார வேண்டியதாகிவிட்டது.

2

காதில் தப்பாக வாங்குவது எனக்குப் புதிதல்ல. இங்கே வந்த முதல் வாரம், வீட்டுச் சொந்தக்காரி சரசம்மா மத்தியானம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "ஊணு கழிச்சோ?" என்று கேட்டாள். கழிச்சாயா என்று ஒரு பெண்பிள்ளை வேலியோரம் நின்று சத்தமாகக் கேட்கிறாளே என்று எனக்குக் கூசிப்போனது. "காலையிலயே ஆச்சு" என்று சொல்லி வைத்தேன். சாப்பிட்டாயா என்று கேட்டிருக்கிறாள் பாவம். மத்தியானச் சோற்றைக் காலையிலேயே தின்று முடிக்கிற பெண் என்று தெருவில் எனக்குப் பெயர் வந்துவிட்டது.

மறுவாரம், தங்கையை எங்கே கட்டிக் கொடுத்திருக்கிறது என்று கேட்டாள். "கோவில்பட்டி" என்றேன். பட்டி என்றால் இங்கே நாய். கோயில் நாய்க்கா கட்டிக் கொடுத்தீர்கள் என்று கேட்கவும் முடியாமல், கேட்காமல் இருக்கவும் முடியாமல் அவள் பட்ட பாடு எனக்குப் புரிய ஆறு மாதம் ஆனது.

அப்போது என் வீட்டுக்காரர் பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தோசைக்கல் முன்னால் நின்றார். நான் மாவு ஆட்டினேன். பிற்பாடு அந்தக் கடையே எங்களுடையதானது. அவர் போய்ச் சேர்ந்தபின் மகன் பார்த்துக்கொள்கிறான். வெயில் நாட்களில் வாசலில் ஒரு குடம் மோர் வைத்து விற்பது மட்டும் என் இலாகா. இஞ்சி, பச்சை மிளகாய், சின்ன உள்ளி, கறிவேப்பிலை, நாரத்தை இலை தட்டிப்போட்ட நீர்மோர். ரொம்ப நாள் "மோரு, மோரு" என்று கூவிப் பார்த்தேன். ஒருத்தர் திரும்பவில்லை. இங்கே அதற்குப் பெயர் சம்பாரம். அப்படிக் கூவின அன்றைக்கே குடம் காலி.

மகனுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. பேத்தி பாடு இன்னும் ஒரு படி இறக்கம். பள்ளியில் சேர்க்கப் போனபோது "இசக்கி" என்றேன். எழுதியவர் காதில் "சக்தி" என்று விழுந்தது. அன்றிலிருந்து வெளியுலகத்தில் அவள் சக்தி, வாசற்படி தாண்டி உள்ளே வந்தால் இசக்கி. வெளியே பேசுவதெல்லாம் மலையாளம், எழுதுவதெல்லாம் இங்கிலீஷ்.

அவளிடம் இருக்கும் தமிழ் முழுவதும் என்னிடமிருந்து போனது. நான் எதற்கெல்லாம் தமிழ் பேசினேனோ அதற்கெல்லாம் அவளிடம் சொல் உண்டு. சாப்பிடக் கூப்பிட உண்டு, தலைக்கு எண்ணெய் வைக்க உண்டு, திட்ட நிறையவே உண்டு. கடைக்குச் சாமான் போடும் நம் பக்கத்து வியாபாரிகளோடு நான் மல்லுக்கட்டுவதைக் கேட்டு வளர்ந்தவள். "என்னவே, வெங்காயம் அழுகிக் கெடக்கு?" "இரும்வே, பாத்துட்டுச் சொல்லுதேன்." நம் ஊர் 'வே' உங்களுக்குத் தெரியாததா? ஆளைப் பொறுத்து மரியாதையும் ஆகும், கேலியும் ஆகும். நான் 'வே' போட்டுப் பேசும் ஆட்களெல்லாம் வயதானவர்களாக, மீசை வைத்தவர்களாக இருந்ததால், இசக்கி அது 'சார்' மாதிரி ஒரு சொல் என்று மனதில் எழுதிக்கொண்டாள். எழுதிக்கொண்டது எனக்குத் தெரியாது.

3

இசக்கி இன்ஜினியர். ஒரு புரொபசரின் ஆராய்ச்சிக் கூட்டத்தில் ஒப்பந்த வேலை. மூன்று வருஷமாக டீசல் ரயில், டீசல் ரயில் என்று ஒரே ஜெபம். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"ஏட்டி, மேல கம்பி இழுத்து எல்லா ரயிலும் கரண்டுல ஓடுது. நீ என்னத்துக்கு டீசல் வண்டியக் கெட்டிக்கிட்டு அழுவுத?"

"ஆச்சி, அந்தக் கம்பி அறுந்துபோச்சுன்னா ஆரு போய் கெட்டுவா?"

"ஆளு போவான்."

"ஆளு எதுல போவான்? கரண்டு இல்லல்லோ."

அப்போதுதான் உறைத்தது. கம்பியைப் பழுதுபார்க்கப் போகிற வண்டி கம்பியை நம்பிப் போக முடியாது. அதற்கு டீசல்தான். ஒற்றைப் பெட்டி, கூரைமேல் ஆள் ஏறி நிற்க ஒரு மேடை. கம்பத்துக்குக் கம்பம் நின்று நின்று போகும். நிற்கிற ஒவ்வொரு தடவையும், ஓடிவந்த ஓட்டம் பூராவும் பிரேக்கில் சூடாகி வீணாகிறது. கிளம்புகிற ஒவ்வொரு தடவையும் இன்ஜின் முக்கி முனகிக் கறுப்பாகப் புகை விடுகிறது.

வீணாகிற அந்த ஓட்டத்தைப் பிடித்து வைக்கத்தான் இசக்கியின் சக்கரம். காற்றை உறிஞ்சி எடுத்த ஓர் உருளைக்குள் கனத்த இரும்புச் சக்கரம் ஒன்று. வண்டி நிற்கும்போது ஓட்டம் சக்கரத்துக்குப் போகும். வண்டி நின்றுவிடும், சக்கரம் வேகமெடுக்கும். கிளம்பும்போது சக்கரம் தன் வேகத்தை வண்டிக்குத் திருப்பிக் கொடுக்கும். இன்ஜின் முக்க வேண்டாம்.

"அதுக்கு ஒரு பேட்டரிய வச்சாப் போச்சு" என்றேன். நானும் டி.வி. பார்க்கிறவள்தானே.

"ஒரு நாளைக்கு நூறு தடவை கேறி எறங்கினா பேட்டரி சீக்கிரம் தளந்துபோகும் ஆச்சி. சக்கரம் தளராது."

"எங்க கடைக் கிரைண்டரும் அப்படித்தாம்ட்டி. மாவு பதம் வாரதுக்குக் கொஞ்சம் முன்னாலயே சுவிச்ச அமத்திருவேன். மிச்சத்தக் கல்லே சுத்தி முடிச்சிரும்."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஆச்சி, இதத்தான் நான் இங்கிலீஷ்ல எழுதி மூணு வருஷமா சம்பளம் வாங்குதேன். வெளிய சொல்லிராத."

சக்கரத்தை ஒரு பழைய டீசல் வண்டியில் பொருத்தி, ஊருக்கு வடக்கே ஒரு யார்டுக்குள் முன்னும் பின்னும் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஆபீஸர்கள் வந்து பார்த்து, சரி என்று எழுதினால் மெயின் லைன். இல்லை என்று எழுதினால் சக்கரமும் போச்சு, இசக்கியின் வேலையும் போச்சு. வடக்கே ஒரு கார் கம்பெனி அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. நல்ல வேலை என்று மகன் சொன்னான். இசக்கி சாப்பாட்டுத் தட்டில் விரலால் வட்டம் போட்டுக்கொண்டே இருந்தாள்.

4

அந்த வாரம் ஒருநாள் அவள் போனில் புரொபசரோடு பேசியது அடுக்களை வரைக்கும் கேட்டது. வியாழக்கிழமை ஊர்ஜ சம்பரணம், பெரிய ஆட்கள் வருகிறார்கள், ஒன்றும் குறையக் கூடாது. இவ்வளவுதான் அவள் சொன்னது.

என் காதில் விழுந்தது ஊர்ஜ சம்பாரம்.

ஊர்ஜம் என்றால் தெம்பு. குழந்தைகளுக்குப் பாலில் கலக்குகிற மாவு விளம்பரத்தில் தினமும் சொல்கிறார்கள். சம்பாரம் எது என்று உலகத்திலேயே எனக்குத்தான் நன்றாகத் தெரியும். பெரிய ஆட்களுக்குத் தெம்பு மோர் கொடுக்கப் போகிறார்கள், மோர்க்காரி வீட்டிலேயே இருக்கும்போது இந்தப் பெண் வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படுகிறாள் என்று முடிவுகட்டினேன். அவள் கேட்காமலேயே கொண்டுபோய் நிறுத்தி அசத்திவிட வேண்டும்.

வியாழக்கிழமை காலை பழவங்காடிப் பிள்ளையாருக்கு, சக்கரம் எங்கேயும் மக்கர் பண்ணக் கூடாது என்று ஒரு தேங்காய் உடைத்தேன். இரண்டு குடம் மோரை ஆட்டோவில் ஏற்றி, நடுவில் நான் உட்கார்ந்து, இரண்டு கையாலும் இரண்டு மூடியை அமுக்கிக்கொண்டு யார்டு வாசலுக்குப் போய் இறங்கினேன்.

வாசல் காவலர் சுத்தமான திருவனந்தபுரத்துக்காரர். "எந்தரம்மா? எவிடெக்கா?" என்னம்மா, எங்கே என்று கேட்கிறார்.

"இசக்கியப் பாக்கணும்."

"இசக்கியோ? அங்ஙனெ ஒராளு இவிடெ இல்லல்லோ."

சக்தி என்று சொல்லியிருக்க வேண்டும். பெற்ற பிள்ளையின் பிள்ளைக்கு யாரோ காதில் விழுந்த பெயரை அவசரத்தில் எப்படிச் சொல்ல வரும்?

"எந்தினா வந்தது? அது பற." எதற்கு வந்தாய், அதைச் சொல் என்று அர்த்தம்.

"இன்னைக்கு ஊர்ஜ சம்பாரம் உண்டுல்லா? அதுக்கு வந்த ஆளு. பெரிய ஆளுக வந்தாச்சா?"

நாற்காலியில் சாய்ந்திருந்த மனிதர் எழுந்து நின்றுவிட்டார். "சம்பரணத்தின்டெ ஆளாணோ! அது ஆத்யமே பறயண்டே, மேடம்!"

அதை முதலிலேயே சொல்ல வேண்டாமா என்கிறார். அம்மாவாக இருந்த நான் மேடமாகிவிட்டேன். நோட்டில் பெயரைக் கேட்டு எழுதினார், பக்கத்தில் வந்த காரியத்தையும் எழுதினார். என்ன எழுதினார் என்று வாசிக்க எனக்குத் தெரியாது. என் கழுத்தில் ஓர் அட்டை, தலையில் ஒரு மஞ்சள் தொப்பி. பிறகு இரண்டு ஆட்களைக் கூப்பிட்டு, குடங்களைக் காட்டி, "சூக்ஷிச்சு, சூக்ஷிச்சு, உபகரணமாணு" என்றார். பார்த்துத் தூக்கு, கருவி என்று அர்த்தம். குடத்துக்குள் என்ன என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு தம்ளர் கொடுத்திருப்பேன்.

தகரக் கூரைக்குக் கீழே நாலைந்து நாற்காலி. என் அட்டையைப் பார்த்து, மூன்று ஆபீஸர்களுக்குப் பக்கத்தில் என்னை உட்கார வைத்தார்கள். வண்டியருகே நின்ற இசக்கி என் தொப்பியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். மறுபடியும் தொப்பியைப் பார்த்துவிட்டு நேரே என்னிடம் வந்தாள்.

"ஆச்சி, இது எந்தா?"

"சம்பாரம். ஊர்ஜ சம்பாரம்னு நீதானட்டி போன்ல சொன்ன?"

அவள் கண்ணை இறுக மூடித் திறந்தாள். "சம்பரணம் ஆச்சி. சம்-ப-ர-ணம். சேத்து வைக்கது. மோரு இல்ல."

"அதுக்கென்ன, மோரும் சேத்து வச்சதுதான். நேத்தே ஒற ஊத்தினேன்."

"ஆச்சி, தயவுசெஞ்சு மிண்டாம இரி."

மிண்டாமல், அதாவது வாயைத் திறக்காமல், இருந்தேன். கொஞ்ச நேரம்.

5

நல்ல உச்சி வெயில். மஞ்சள் வண்டி கிளம்பியது. நான் எதிர்பார்த்த சத்தம் வரவில்லை, புகையும் வரவில்லை. நழுவுகிற மாதிரிப் போய் நின்றது. நின்ற இடத்திலிருந்து மறுபடியும் சத்தமில்லாமல் நழுவியது. கண்ணாடி போட்ட பெரிய ஆபீஸர் எதையோ எழுதினார். பக்கத்தில் புரொபசர் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. இப்படி நாலு தடவை நின்று கிளம்ப வேண்டும்.

மூன்றாவது தடவை நிற்கப்போகும்போது, யார்டின் கோடியில் தண்டவாளமும் தண்டவாளமும் சேருகிற ஓர் இடத்தில் வண்டி 'டக்' என்று இறங்கி ஏறியது. ஜன்னலில் சிவப்பு விளக்கு எரிந்தது. அதற்கப்புறம் கிளம்பியபோது இன்ஜின் பழையபடி முக்கியது. கறுப்புப் புகை தகரக் கூரை வரைக்கும் வந்து எல்லோரையும் விசாரித்துவிட்டுப் போனது.

சக்கரம் தானாகவே வண்டியின் தொடர்பை அறுத்துக்கொண்டுவிட்டது. அப்படி அறுத்துக்கொண்டால், சக்கரம் வேகம் குறையும் வரை யாரும் அதை மறுபடி மாட்டக் கூடாது, கிட்டேயும் போகக் கூடாது. முக்கால் மணி நேரமாவது ஆகும். ஆபீஸர்களின் கார் நிழலில் தயாராக நின்றது. ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதைப் பார்த்து இன்னொருவர் தன்னுடையதைப் பார்த்தார்.

புரொபசர் இசக்கியைத் தள்ளிக் கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில், "சப்ளை ப்ராப்ளம் எந்நு பறயாம். ரெண்டு ஸ்டாப் நன்னாயி வந்நில்லே? அது மதி" என்றார். கரண்ட் சப்ளையில் கோளாறு என்று சொல்லிவிடலாம், இரண்டு தடவை நன்றாக நின்றதே போதும் என்கிறார். நல்ல மனிதர், பயந்துபோன மனிதர். இசக்கியின் கீழுதடு உள்ளே போனது. சின்ன வயதில் பொய் சொல்லத் தெரியாமல் நிற்கும்போதும் அப்படித்தான் போகும்.

ஆபீஸர்கள் எழுந்திருக்கப் போகிறார்கள் என்று தெரிந்தது. என்னால் முடிந்தது ஒன்றுதான். மூடியைத் திறந்து, கண்ணாடிக்காரர் கையில் ஒரு தம்ளர் மோரைத் திணித்தேன். வெயிலில் வெந்து உட்கார்ந்திருந்தவர், யார் என்ன என்று கேட்காமல் குடித்தார். குடித்துவிட்டுத் தனக்குத்தானே, "உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றார்.

தமிழ்!

"வெயிலுக்கு உப்பு தூக்கலாத்தான் இருக்கணும்யா. இன்னொரு தம்ளர் குடிச்சுப் பாருங்க, சரியாயிரும்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். இரண்டாவது தம்ளரையும் வாங்கிக்கொண்டு, இசக்கியைக் கைகாட்டி அழைத்தார். "ஏம்மா, நீயும் தமிழா? அப்ப தமிழ்லயே சொல்லு. சக்கரம் ஏன் நின்னுபோச்சு?"

"நிக்கலவே" என்றாள் இசக்கி.

தம்ளர் பாதி வழியில் நின்றது. எனக்குத் தொப்பியைக் கண்வரைக்கும் இழுத்து விட்டுக்கொள்ளத் தோன்றியது. அவளோ பெரிய மரியாதை கொடுத்துவிட்ட முகத்தோடு மேலே பேசினாள்.

"அது நிக்கல. உள்ள கெடந்து இப்பவும் சுத்துது. வண்டிகூட சேக்காளித்தனத்த மட்டுந்தான் விட்டுட்டு. ஆட்டம் கூடினா கையை விட்டுரணும்னு நாந்தான் அதுக்குச் சொல்லி வச்சிருக்கேன். அது பயந்துபோச்சு. ஆனா பயப்படுத எடம் இல்லவே அது."

"பின்ன எதைப் பாத்துப் பயந்துச்சு?"

"அந்தத் தண்டவாள ஜாயிண்டு. அங்கன வண்டி இடிச்சுதுல்லா? கீழேருந்து வந்த இடியப் போயி, சவத்து மூதி சென்சர், சக்கரத்துக்க ஆட்டம்னு கேட்டுட்டு."

ஆக, காது மந்தம் எனக்கு மட்டும் இல்லை.

"அதுதான் காரணம்னு உனக்கு எப்படித் தெரியும்?" ஆபீஸரின் குரலில் கேலி இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "எந்தப் பழுது வந்தாலும் சென்சர் மேல சொல்றது எல்லாரும் சொல்றதுதானே?"

"இரும்வே, காட்டித் தாரேன். முக்கால் மணிக்கூர் இரும். அந்த ஜாயிண்டுல முதல்ல மெல்லப் போவேன். விழாது. அப்புறம் வேகமாப் போவேன். அதே எடத்துல விழும். விழலன்னா நான் சொன்னது தப்பு, நீரு அப்படியே எழுதிக்கிட்டுப் போம்."

"எந்தா அவள் பறஞ்ஞது?" என்று புரொபசர் என்னிடம் கேட்டார். எனக்குத் தெரிந்த மலையாளத்தில் சொன்னேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "வீழுமெந்நு காணிக்கான் ஆரெங்கிலும் டெமோ நடத்துமோ?" விழும் என்று காட்டுவதற்கு யாராவது காட்சி நடத்துவார்களா என்கிறார். நியாயமான கேள்வி. அவருக்கும் ஒரு தம்ளர் ஊற்றினேன்.

கண்ணாடிக்காரர் மற்ற இருவரையும் பார்த்தார். "டிரைவர்கிட்ட சொல்லுங்க, நேரமாகும்னு. இரும்னு சொல்லிட்டாங்க. இருந்துதான் ஆகணும்." பிறகு என் கழுத்து அட்டையைக் குனிந்து வாசித்தார். "ஊர்ஜ சம்பரணம்னு போட்டிருக்கே. நீங்க எந்த டிபார்ட்மெண்டும்மா?"

"மோரு டிபார்ட்மெண்டுய்யா."

அவர் சிரித்த சிரிப்பில் மோர் மூக்கில் ஏறிவிட்டது. அந்தத் தைரியத்தில் பேத்திக்காக வாய் திறந்தேன். "அய்யா, புள்ள 'வே'ன்னு சொன்னது... அது எங்க பக்கத்துல மரியாதைதான். தப்பா எடுத்துக்கிடாதீய."

"எனக்கா தெரியாது? நான் மதுரை. மாமனார் தென்காசி. கல்யாணம் ஆன நாள்லருந்து எனக்கு இதே மரியாதைதான்."

முக்கால் மணி நேரத்தில் ஒரு குடம் தீர்ந்து, அடுத்த குடம் பாதி ஆனது. இசக்கி மட்டும் ஒரு சொட்டுக் குடிக்கவில்லை. வண்டியின் படியில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் கோடு கோடாக எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் படி கடைசியாக இருக்கலாம் என்று நினைத்தாளோ என்னவோ, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

சக்கரம் அடங்கி, மறுபடியும் வேகமேற்றி, வண்டி கிளம்பியது. அந்த ஜாயிண்டில் கர்ப்பிணிப் பெண் படியிறங்குகிற மாதிரி மெல்ல இறங்கி ஏறியது. விளக்கு எரியவில்லை. புகையில்லாமல் நின்றது, கிளம்பியது. அப்படியே திரும்பி வந்து, இரண்டாம் தடவை வேகமாகப் போனது. மூன்று ஆபீஸர்களும் நாற்காலியைவிட்டு எழுந்து வெயிலில் நின்றார்கள். புரொபசர் கண்ணை மூடிக்கொண்டார். அதே ஜாயிண்டு. 'டக்.' சிவப்பு விளக்கு.

இசக்கி வண்டியிலிருந்து இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு குதித்து இறங்கினாள். சிவப்பு விளக்கு எரிந்ததற்கு இத்தனை சந்தோஷப்பட்ட ஆளை நான் பார்த்ததில்லை. காலையில் மக்கர் பண்ணக் கூடாது என்று தேங்காய் உடைத்தவள் நான். பண்ணியதற்கு நன்றி சொல்வதா, வருத்தம் சொல்வதா என்று எனக்கும் பிள்ளையாருக்கும் ஒரே குழப்பம்.

கண்ணாடிக்காரர் நின்றபடியே ரொம்ப நேரம் எழுதினார். என்ன எழுதினார் என்று சொல்லவில்லை. போகும்போது இசக்கியைப் பார்த்து, "வாரேன்வே" என்று மட்டும் சொன்னார்.

6

தாள் வர ஐந்து வாரம் ஆனது. அந்த ஐந்து வாரமும் வீட்டில் யாரும் சக்கரம் என்ற சொல்லை எடுக்கவில்லை. சக்கரவள்ளிக் கிழங்குகூட வாங்கவில்லை. கார் கம்பெனி இரண்டு தடவை போன் பண்ணியது. இரண்டாவது தடவை அவர்கள் ஒரு தேதி சொல்லி, அதற்குள் பதில் வேண்டும் என்றார்கள். மகன், "எழுதிப் போட்டுருளா, கையில இருக்கதப் புடி" என்றான். அவன் சொன்னதிலும் தப்பில்லை. இசக்கி, "அந்தத் தேதி வரட்டும் அப்பா" என்றாள்.

தேதிக்கு இரண்டு நாள் முன்னால் தாள் வந்தது. அவள் இங்கிலீஷில் வாசித்து, மலையாளத்தில் யோசித்து, எனக்குத் தமிழில் சொன்னாள். அனுமதி உண்டு. சென்சரைத் தரை அதிர்ச்சி எட்டாத இடத்துக்கு மாற்ற வேண்டும். வேகத்துக்கு ஒரு வரம்பு. மேல்கம்பியில் கரண்ட்டை நிறுத்தி வேலை பார்க்கும் பகல் நேரத்தில் மட்டும் ஓட்டலாம். மெயின் லைனில் தண்டவாளத்தைப் பற்றவைத்து நீளமாகப் போட்டிருக்கிறார்கள், ஜாயிண்டுத் தொல்லை குறைவு. சிவப்பு விளக்கு எதனால் எரிந்தது, யார் அதை முன்கூட்டியே சொன்னது என்பதெல்லாம் அப்படியே எழுதியிருந்தது.

"கடைசியில, அன்னைக்கு வந்தவங்க பேரு போட்டிருக்கு ஆச்சி" என்றாள். ஆபீஸர்கள் மூவர், புரொபசர், அவள். ஆறாவதாக ஊர்ஜ சம்பரணம், பேச்சியம்மாள். ஓர் எழுத்துப் பிசகில்லை. ரேஷன் கார்டை மாற்ற இதைக் கொண்டுபோய்க் காட்டலாமா என்று கேட்டேன். கூடாது என்றாள். எனக்கு இன்னும் அந்த யோசனை இருக்கிறது.

கார் கம்பெனிக்கு அன்று மத்தியானமே வரவில்லை என்று எழுதிவிட்டாள். எழுதி முடித்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஆச்சி, 'வே'ன்னா சார் இல்லியா?"

"ஆருட்டி சொன்னா?"

"அந்த ஆபீஸர் போன்ல சொல்லிச் சிரிக்காரு. நீ எதுக்கு முன்னாலயே சொல்லல?"

"நீ கேக்கலயே."

முதுகில் ஓர் அடி விழுந்தது. சக்கரம் செய்கிற கை, கொஞ்சம் பலமாகவே இருந்தது.

இனி உங்களுக்கு ஒரு வேலை. அனுமதி கொடுத்திருப்பது நாகர்கோவிலிலிருந்து வள்ளியூர் வரைக்கும். வருகிற மாதம், மத்தியான நேரத்தில், ஒற்றைப் பெட்டி மஞ்சள் வண்டி ஒன்று வரும். அதற்காகக் கேட் அடைப்பார்கள். வண்டி உங்கள் கண்ணெதிரே வந்து, போகாமல் அங்கேயே நின்றுகொண்டிருக்கும். பழுது என்று நினைக்க வேண்டாம். நின்றால்தான் இசக்கிக்குச் சக்கரத்தில் ஏதாவது சேரும். பைக்கில் வருகிறவர்கள் ஹாரன் அடிக்காதீர்கள், கேட் கீப்பரைத் திட்டாதீர்கள். இரண்டு நிமிஷம் பொறுத்தால் போதும். கிளம்பும்போது புகை வருகிறதா என்று மட்டும் பாருங்கள். வராவிட்டால் கையை ஆட்டுங்கள். வந்தாலும் ஆட்டுங்கள். இசக்கி, புகை எந்த இடத்தில் வந்தது என்று எழுதிக்கொண்டு போய், மறுநாள் அதே நேரத்துக்குத் திரும்பவும் வந்து உங்கள் முன்னால் நிற்பாள்.